வயிற்றெரிச்சல் திரும்பத் திரும்ப வந்தால் கிருமிப் பரிசோதனை அவசியமா?

கேள்வி: கோத்தகிரி அருகே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். வயது 44. பல மாதங்களாக மேல்வயிற்றில் எரிச்சல். சில இரவுகளில் வலியால் தூக்கம் கலைகிறது. மருந்துக் கடையில் வாங்கும் கேஸ் மாத்திரை போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்பி வருகிறது. வெறும் வயிற்றில் டீ குடிப்பதால்தான் அல்சர் என்கிறார்கள். டாக்டரோ கிருமிப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார். அது தேவையா?

பதில்: தேவைதான். தள்ளிப் போடாதீர்கள்.

டீயும் காரமும் எரிச்சலைக் கூட்டலாம். ஆனால் குடற்புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982இல் இதை வளர்த்துக் காட்டும்வரை, அமிலம் மிகுந்த இரைப்பையில் எந்தக் கிருமியும் நிலைக்காது என்றே மருத்துவ உலகம் நம்பியிருந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு இரைப்பையின் சளிப் படலத்தில் வாழ்கிறது. கேஸ் மாத்திரை அமிலத்தைக் குறைக்குமே தவிர கிருமியை ஒழிக்காது. நிறுத்தியதும் வலி திரும்புவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று, வலி மாத்திரை. கூடையைச் சுமந்து சரிவில் ஏறி இறங்கும் உங்களுக்கு முழங்கால் வலியும் இடுப்பு வலியும் இருக்கக்கூடும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபென் போன்றவற்றைச் சாப்பிட்டு வந்தால், அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இந்தக் கிருமியைக் கண்டறியும் மூச்சுப் பரிசோதனைக்காகக் கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டியிருந்தால், மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் பரிசோதனையே போதும். நம்பகத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைப் பார்க்கும் பரிசோதனையை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் கிருமி ஒழிந்த பிறகும் அது நெடுநாள் பாசிட்டிவ் காட்டும். பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் வகை அமிலக் குறைப்பு மாத்திரைகளைப் பரிசோதனைக்கு 2 வாரம் முன்பும், ஆன்டிபயாடிக்கை 4 வாரம் முன்பும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். டாக்டரைக் கேட்டுவிட்டே நிறுத்துங்கள். இடையில் எரிச்சல் வந்தால் என்ன மருந்து எடுக்கலாம் என்பதையும் அவரே சொல்வார்.

மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காரணமில்லாமல் எடை குறைந்தாலும், விழுங்கச் சிரமப்பட்டாலும் நேராக எண்டோஸ்கோப்பிதான் (கேமரா குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது) பார்க்க வேண்டும்.

ஹீமோகுளோபினையும் சோதித்துக்கொள்ளுங்கள். இந்தக் கிருமி இரும்புச்சத்துக் குறைபாட்டை உண்டாக்கக்கூடும். சாப்பாட்டோடு குடிக்கும் டீயும் கீரை, பயறு ஆகியவற்றிலுள்ள இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். டீயை விட வேண்டியதில்லை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும்.

கிருமி இருப்பது உறுதியானால், அமிலக் குறைப்பு மாத்திரையுடன் ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டிபயாடிக்குகளைப் பெரும்பாலும் 14 நாள் தருவார்கள். வாய்க் கசப்பும் குமட்டலும் வரலாம்; நான்காம் நாளே வலி போய்விட்டது என்று பாதியில் விட்டுவிடுகிறவர்களிடம் மிஞ்சும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும் என்பதுதான் என் பெருங்கவலை. டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் அதைப் பாலோடும் இரும்பு மாத்திரையோடும் சேர்த்து விழுங்காதீர்கள். இந்தச் சிகிச்சையில் சில சமயம் சேர்க்கப்படும் பிஸ்மத் மருந்தாலும் மலம் கறுக்கலாம். உங்கள் மருந்தால் அப்படி ஆகுமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, அமிலக் குறைப்பு மாத்திரையை மறுபடி 2 வாரம் நிறுத்திய நிலையில், அதே பரிசோதனையை இன்னொரு முறை செய்து கிருமி போய்விட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.