சோதனைப் பொறியாளர் துணைக்கோள் பக்கம் வர முடியுமா?

தம்பி, உட்லண்ட்ஸ் சிப் ஆலையில் 3 வருடம் சோதனைப் பொறியாளராக இருப்பதாகவும், விண்வெளிப் படிப்பு இல்லாததால் துணைக்கோள் ஆய்வுக்கூடத்தில் சிஸ்டம்ஸ் எஞ்சினியர் வேலைக்கு விண்ணப்பிக்கத் தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். தயங்காதீர்கள்.

அந்த வேலையின் உயிர்நாடி கணக்குதான். சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் துணைக்கோள் ஏறக்குறைய 95 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும். அதில் அரை மணி நேரத்துக்கு மேல் சூரிய ஒளி படாமல் பூமியின் நிழலிலேயே போகலாம். அப்போது மின்கலம் தாங்குமா? கேமராக் குழு கூடுதலாக 2 வாட் கேட்டால் யாரிடமிருந்து எடுப்பது? எடை, மின்சாரம், வெப்பம், தகவல் தொடர்பு எல்லாவற்றையும் ஒருவர் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்தான் சிஸ்டம்ஸ் எஞ்சினியர். அதிர்வுச் சோதனை, வெற்றிட வெப்பச் சோதனை என்று வரும்போது, பழுதின் மூலத்தைத் தேடிப் பழகிய உங்கள் கைக்கு நிஜமாகவே மதிப்பு உண்டு.

சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (என்டியூ) உருவாக்கிய எக்ஸ்-சாட் துணைக்கோள் 2011 ஏப்ரலில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணுக்குப் போனது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் (என்யூஎஸ்) குவாண்டம் மையம் உருவாக்கிய ஸ்பூக்கி-1 துணைக்கோள் ஒரு ரொட்டிப் பாக்கெட் அளவுதான். இந்த இரு பல்கலைக்கழகங்களின் துணைக்கோள் மையங்களிலும் முதலில் தேடுங்கள். பாதுகாப்பு சார்ந்த ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் சிங்கப்பூர்க் குடியுரிமை கேட்பார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் நீங்கள் கண்டுபிடித்த ஒரே ஒரு பழுதை முழுக் கதையாக எழுதுங்கள்.