போர்டு வரைவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்ட அப்பாவுக்கு

வணக்கம் ஐயா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் ஈசிஇ மூன்றாம் ஆண்டு. கூடப் படிக்கிறவர்கள் ஜாவா, பைத்தான் என்று வகுப்புக்கு ஓட, இவள் மட்டும் ராத்திரி வெகுநேரம் லேப்டாப்பில் கோடு கோடாக வரைந்துகொண்டிருக்கிறாள். கேட்டால் "ஓசிஎக்ஸ்ஓ போர்டு லேஅவுட்" என்கிறாள். அதாவது சர்க்யூட் போர்டில் எந்தப் பாகம் எங்கே, எந்தச் செம்புக் கோடு எந்த வழியாக என்று வரைவது. இது சோறு போடுமா என்பது உங்கள் கேள்வி. போடும். ஆனால் எதைக் கற்றுக்கொண்டால் போடும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில், அவள் என்ன வரைகிறாள் என்று பார்ப்போம். உங்கள் கைக்கடிகாரத்தில் இருப்பதும் குவார்ட்ஸ் கிரிஸ்டல்தான். வெயில் ஏறினால், குளிர் அடித்தால் அதன் துடிப்பு லேசாக மாறும். கடிகாரத்துக்கு அது பரவாயில்லை. மாறவே கூடாத இடங்களில், கிரிஸ்டலை ஒரு சின்ன உலோக டப்பாவுக்குள் ஹீட்டரோடு அடைத்து, வெளியே என்ன தட்பவெப்பமாக இருந்தாலும் உள்ளே 80, 85 டிகிரி என்று ஒரே சூட்டில் வைத்திருப்பார்கள். அந்த டப்பாதான் ஓசிஎக்ஸ்ஓ, அதாவது ஓவனுக்குள் வைத்து சூட்டைக் கட்டுப்படுத்திய கிரிஸ்டல் ஆசிலேட்டர் (துடிப்பை உண்டாக்கும் கருவி).

யாருக்கு வேண்டும் என்றால், உங்கள் ஊர் 5ஜி டவருக்கே வேண்டும். பக்கத்து டவர்களோடு முட்டிக்கொள்ளாமல் ஒரே அலைவரிசையில் மாறி மாறி அனுப்பவும் வாங்கவும் நேரம் 1.5 மைக்ரோ விநாடிக்குள் ஒத்துப்போக வேண்டும். டவர் நேரம் வாங்குகிற ஜிபிஎஸ் சிக்னல் அறுந்துவிட்டால், நேரத்தைத் தாங்கிப் பிடிப்பது டவருக்குள் இருக்கும் ஆசிலேட்டர்தான். அது நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் 25 நிமிடத்தில் அந்த 1.5 மைக்ரோ விநாடி தீர்ந்துவிடும். பிசகு அதில் பத்தில் ஒரு பங்காக இருந்தால் 4 மணி நேரத்துக்கு மேல் தாங்கும்.

"அணுக் கடிகாரமே வந்தாச்சு, இது எதுக்கு" என்று உங்கள் மைத்துனர் சொன்னாராம். 2023 மே மாதம் இஸ்ரோ அனுப்பிய என்விஎஸ்-01 செயற்கைக்கோளில் நம் நாட்டிலேயே செய்த ருபீடியம் கடிகாரம் போனது உண்மைதான். ஆனால் ருபீடியம் கடிகாரத்திலும் அலையை உண்டாக்குவது ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல்தான். அணுக்கள் அதன் காதைத் திருகி வழிக்குக் கொண்டுவருகின்றன, அவ்வளவுதான்.

சரி, விலை கொடுத்து நல்ல டப்பாவை வாங்கி போர்டில் வைத்தால் போதாதா, லேஅவுட்டில் என்ன இருக்கிறது? இதற்கு என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆலோசகர் ஆவதற்கு முன் நானும் போர்டு வரைந்தவன். ஒரு அளவுக்கருவிக்கு 10 மெகாஹெர்ட்ஸ் ஓசிஎக்ஸ்ஓ வைத்து வரைந்தேன். லேபில் ஏசி ஓடினால் அலைவெண் நகரும், ஏசி நின்றால் பழைய இடத்துக்கு வந்துவிடும். டப்பா சரியில்லை என்று விற்றவரோடு ஒரு வாரம் சண்டை போட்டேன். தப்பு என்னுடையது. அறை குளிர்ந்தால் உள்ளே ஹீட்டர் 100 மில்லிஆம்பியர் கூடுதலாக இழுக்கும். அந்தக் கரண்ட் திரும்பும் டிராக்கிலேயே (போர்டின் செம்புக் கோடு), அலைவெண்ணைத் திருத்தும் வோல்டேஜ் தருகிற சிப்பின் கிரவுண்டையும் (கரண்ட் திரும்பும் பூஜ்ஜிய வோல்ட் இணைப்பு) சேர்த்திருந்தேன். அந்த டிராக்கின் மின்தடை 10 மில்லிஓம், அதாவது ஒன்றுமே இல்லை என்று நினைக்கத் தோன்றும் அளவு. ஆனால் 100 மில்லிஆம்பியரை அதனால் பெருக்கினால் 1 மில்லிவோல்ட் வருகிறது. ஒரு வோல்ட்டுக்குப் பத்து லட்சத்தில் 0.2 பங்கு நகரும் டப்பா அது. 1 மில்லிவோல்ட்டுக்கு நூறு கோடியில் 0.2 பங்கு நகர்ந்துவிட்டது. ஓவன் முன்வாசலில் தடுத்த குளிரை என் டிராக் கொல்லைப்புறமாக உள்ளே விட்டிருக்கிறது! பிளேடால் டிராக்கை வெட்டி, டப்பாவின் கிரவுண்ட் பின்னுக்கே தனி ஒயர் இழுத்து சால்டர் வைத்ததும் அடங்கியது.

இந்தக் கண்தான் தொழில். செம்பு, போர்டின் கண்ணாடியிழையைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சூடு கடத்தும். எனவே டப்பாவின் பின்களில் அகலமான செம்பை ஒட்டினால் ஓவனின் சூடு அதன் வழியே கசியும். வோல்டேஜைச் சீராக்கும் ரெகுலேட்டர் சிப்பின் சூடு வந்து சேராமல் இருக்க போர்டில் பிளவு வெட்டுவார்கள். ஃபேன் காற்று படும் இடத்தில் வைக்கவே கூடாது. போர்டு வரையும் கிகாட் மென்பொருளை ஒரு மாதத்தில் படித்துவிடலாம், அதுவும் இலவசம். மெனுக்களை மட்டும் காட்டிவிட்டு ஆயிரக்கணக்கில் வாங்கும் "பிசிபி கோர்ஸ்"களுக்குப் பணம் கட்டாதீர்கள்.

வேலை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஓசிஎக்ஸ்ஓ போர்டு வரைய மட்டும் ஆள் எடுக்கும் இடங்கள் மிகக் குறைவு. பயோடேட்டாவில் அதை ஒரு ப்ராஜெக்டாகக் காட்ட வேண்டும், தேட வேண்டியது ஹார்டுவேர் டிசைன் வேலை. டெலிகாம், மருத்துவக் கருவி, ரேடார், அளவுக்கருவி எங்கும் இதே கிரவுண்ட் சிக்கல்தான். பெங்களூரில் வாய்ப்பு அதிகம், பிறகு ஹைதராபாத், சென்னை. கேம்பஸில் வருவது அரிது, சின்ன டிசைன் கம்பெனிகளின் கதவைத் தட்ட வேண்டும். முதல் சம்பளம் அவள் தோழியின் ஐடி சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கலாம். அதைத் தாங்கும் மனசு வீட்டில் இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம், பைத்தானை அடியோடு விட வேண்டாம், அளவீடுகளைப் பதிவு செய்யவாவது அது வேண்டும்.

இந்த செமஸ்டருக்கு ஒரு வேலை சொல்கிறேன். பழைய 10 மெகாஹெர்ட்ஸ் டப்பாக்கள் இரண்டு வாங்கட்டும். ஒன்றுக்கு நான் செய்த தப்போடு ஒரு போர்டு, இன்னொன்றுக்குச் சரியாக ஒரு போர்டு. அரைநாள் சூடேறவிட்டு, கல்லூரி ஆசிலாஸ்கோப்பில் ஒன்றை டிரிகராக (திரையில் படத்தை நிறுத்திப் பிடிக்கும் சிக்னலாக) வைத்து இன்னொன்றின் அலையைப் பார்க்கட்டும். அலை 100 விநாடியில் ஒரு சுற்று நகர்ந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் நூறு கோடியில் ஒன்று. அலைவெண்ணை எண்ணும் விலை உயர்ந்த கவுண்டர் எதுவும் வேண்டாம். பிறகு தப்பான போர்டின் பக்கம் மட்டும் ஃபேனைத் திருப்பி நேரத்தைக் குறிக்கட்டும், அடுத்து நல்ல போர்டின் பக்கம். இன்டர்வியூவில் அந்தக் குறிப்பு நோட்டைக் காட்டினால் கேள்விகள் தாமாக வரும்.

அந்த டப்பாக்களுக்குப் பணம் கொடுக்கும் முன் இன்று ராத்திரி அவளிடம் ஒன்று கேளுங்கள்: "ஹீட்டர் கரண்ட் எந்த வழியாத் திரும்பி வருது?" திரையில் விரல் வைத்து, பின்னிலிருந்து பவர் சப்ளை வரை வழிகாட்டினால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். "கிரவுண்டுக்குப் போயிடும்ப்பா" என்று மட்டும் சொன்னால், பைத்தான் வகுப்புக்கு எடுத்துவைத்த கட்டணத்தை இன்னும் ஒரு செமஸ்டர் தொடாமல் வைத்திருங்கள்.