தீனியாத் வகுப்பு நேரத்தில் மற்ற பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

இந்தோனேசியாவின் இஸ்லாமியப் பள்ளிகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். முஸ்லிம் நிர்வாகத்தில் நடக்கும் ஒரு பள்ளியில் நான் ஆசிரியை. தீனியாத், அதாவது இஸ்லாமிய மார்க்கப் பாட வகுப்பு நடக்கும்போது இந்து, கிறிஸ்தவப் பிள்ளைகளை நூலகத்தில் சும்மா உட்கார வைக்கிறோம். வருடத்துக்கு ஒருமுறை நல்லிணக்க நாள் உண்டு. இதற்கு மேல் போனால் பள்ளியின் இஸ்லாமிய அடையாளமே போய்விடும் என்கிறார் தாளாளர். அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவில் கத்தோலிக்கர்களே பெரும்பான்மை. அங்கே எண்டே நகரில் முகம்மதியா என்ற முஸ்லிம் இயக்கம் பள்ளி நடத்துகிறது. 1912இல் யோக்யகர்த்தாவில் அஹ்மத் தஹ்லான் தொடங்கிய இயக்கம் அது; மார்க்க விஷயத்தில் கறாரானது. ஆனாலும் அந்தப் பள்ளியில் படிக்கும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குக் கத்தோலிக்க ஆசிரியரே மதப் பாடம் எடுக்கிறார். பப்புவாவில் செருய் என்ற ஊரிலும் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு இதே ஏற்பாடு.

மாணவருக்கு அவரவர் மதத்தை அதே மதத்து ஆசிரியர் கற்பிக்க வேண்டும் என்கிறது அந்நாட்டின் 2003ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், 12ஆம் பிரிவு. கிறிஸ்தவப் பள்ளிகளில் படித்த முஸ்லிம் பிள்ளைகளை மனதில் வைத்து அதற்காக வாதாடியவை முஸ்லிம் அமைப்புகள். கிறிஸ்தவர் தரப்பில் பலத்த எதிர்ப்பு இருந்தது. தம் பிள்ளைகளுக்குக் கேட்ட அதே உரிமையை இந்தப் பள்ளிகள் அடுத்தவர் பிள்ளைகளுக்கும் கொடுக்கின்றன. எனக்கு இதுதான் பெரிய விஷயம். அதனால் அவற்றின் அடையாளம் எங்கும் போய்விடவில்லை. இன்றும் அவை முகம்மதியா பள்ளிகள்தான்.

முஸ்லிம் பிள்ளைகள் மட்டுமே படிக்கும் இடத்திலும் பிள்ளைகளைக் கலந்து பழக வைக்கும் வேலை இருக்கிறது. கிழக்கு ஜாவாவில் 1926இல் தொடங்கிய கோந்தோர் விடுதிப் பள்ளிக்குப் பல தீவுகளிலிருந்தும் பையன்கள் வருகிறார்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒன்றாக ஒதுங்கிவிடாதபடி அறைகளைக் கலந்து கொடுக்கிறார்கள். பேச்சு அரபியிலும் ஆங்கிலத்திலும்தான், வட்டார மொழிகளுக்கு இடமில்லை. அறை ஏற்பாடு அருமை. தாய்மொழியை விலக்குவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, உங்கள் பள்ளிக்கு வருவோம். ஃப்ளோரஸில் நடப்பதை அப்படியே கொண்டுவருவது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கலாம். அந்த ஒரு பீரியடை மட்டும் முதலில் கையில் எடுங்கள். அந்த நேரத்தில் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று பெற்றோரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நீதிபோதனையோ அவரவர் மதப் பாடமோ, அதை யார் எடுப்பது, அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதை நிர்வாகக் குழுவில் வைத்து முடிவு செய்யச் சொல்லுங்கள். நல்லிணக்க நாளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.