கனடாவில் பழைய வீட்டுக்கு ஃபர்னஸும் சென்ட்ரல் ஏசியும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: டொராண்டோ பக்கம் 1980களில் கட்டிய ஒரு மாடி வீடு வாங்கியிருக்கிறோம். வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ், சென்ட்ரல் ஏசி இரண்டுமே 20 வருடம் தாண்டியவை. எந்த பிராண்ட் நல்லது? எத்தனை டன் எடுக்கலாம்?

2023இல் நானும் இதே இடத்தில்தான் நின்றேன். ஸ்கார்பரோவில் 1,800 சதுர அடி வீடு, கீழே பேஸ்மென்ட், அதில் 2003ஆம் வருடத்து ஃபர்னஸ். நண்பர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பிராண்ட் பெயர் சொன்னார்கள். பிராண்டைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். உங்கள் வீட்டுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்கிற எண் முதலில் உங்கள் கையில் இருக்கட்டும். அது இல்லாமல் விற்பனைக்காரரை உள்ளே விட்டால் அவர் சொல்வதுதான் அளவு.

எனக்கு விலை சொல்ல மூன்று பேர் வந்தார்கள். முதலாமவர் பழைய ஃபர்னஸின் தகட்டைப் படித்துவிட்டு, "இது 1,00,000 பி.டி.யு., அதையே போட்டுவிடலாம், ஏசி 3 டன்" என்றார். பி.டி.யு. என்பது வெப்பத்தை அளக்கும் அலகு; ஃபர்னஸின் அளவை மணிக்கு இத்தனை பி.டி.யு. என்றுதான் சொல்வார்கள். இரண்டாமவர் வீடு எத்தனை சதுர அடி என்று மட்டும் கேட்டார். 80,000, அதே 3 டன். இரண்டு பேருமே ஒரு ஜன்னலைக்கூட அளக்கவில்லை, கூரைக்குக் கீழே இன்சுலேஷன் எவ்வளவு இருக்கிறது என்று தலையை நீட்டிப் பார்க்கவில்லை.

பக்கத்துத் தெருவில் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் இருக்கிறார். பல வருடம் கேஸ் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போய்க் கேட்டேன். "தம்பி, உந்தப் பழைய ஃபர்னஸ் கடுங்குளிருக்குள்ள ஒரு மணித்தியாலத்தில எத்தினை நிமிசம் எரியுது எண்டு பாத்தனீரோ?" என்றார். இல்லை என்றேன். "முதல்ல அதைப் பாத்து எழுதி வையும். பிறகு ஆக்களைக் கூப்பிடும்."

அந்தப் பிப்ரவரி தொடக்கத்தில் டொராண்டோவில் கடுங்குளிர் வந்தது. வெளியே -17 காட்டிய ஒரு ராத்திரி, தெர்மோஸ்டாட்டை 21இல் அசையாமல் வைத்துவிட்டு, பேஸ்மென்ட்டில் ஃபர்னஸுக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மேல் மூடியில் உள்ள சின்னக் கண்ணாடி வழியாக உள்ளே பார்க்கலாம். முதலில் சிறிய மோட்டார் ஒன்று ஹூம் என்று சுற்றத் தொடங்கும். புகையை வெளியே இழுப்பது அதுதான். ஒரு க்ளிக். பற்றவைக்கும் கம்பி ஆரஞ்சு நிறத்தில் பழுக்கும். இன்னொரு க்ளிக்கில் கேஸ் வால்வு திறந்து, நீலச் சுடர் ஒரு பர்னரிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே போகும். அரை நிமிடம் கழித்துத்தான் பெரிய ஃபேன் ஓடும். சுடர் அணைந்த பிறகும் அந்த ஃபேன் ஒன்றிரண்டு நிமிடம் ஓடும், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சுடர் எரியும் நேரத்தை மட்டும் செல்போன் ஸ்டாப்வாட்சில் குறித்தேன்.

மூன்று மணி நேரத்தில் மொத்தம் 84 நிமிடம். அதாவது மணிக்கு 28 நிமிடம்.

கணக்கு எளிது. தகட்டில் உள்ள 1,00,000 என்பது உள்ளே போகும் கேஸின் அளவு. என்னுடையது 80 சதவீதத் திறன் கொண்டது, ஆகவே வீட்டுக்குள் வருவது மணிக்கு 80,000. அதில் 60 நிமிடத்துக்கு 28 நிமிடம் என்றால் சுமார் 37,000 பி.டி.யு. டொராண்டோ வட்டாரத்தில் வீட்டுச் சூட்டுக்குக் கணக்குப் போடும்போது எடுத்துக்கொள்ளும் குளிர் -18 முதல் -20 வரை. அதற்காகக் கொஞ்சம் கூட்டினாலும் 40,000 சொச்சம்தான் என் வீட்டின் உச்சத் தேவை. 96 சதவீதத் திறன் கொண்ட 60,000 ஃபர்னஸ் 57,600 கொடுக்கும். தாராளம். முதலாமவர் போடச் சொன்னது இதைவிட எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். ராத்திரி தெர்மோஸ்டாட்டைக் குறைத்துக் காலையில் ஏற்றும் வழக்கம் இருந்தால் அளக்கும் அன்று அதை நிறுத்துங்கள். கூரைக்குக் கீழே இன்சுலேஷன் போடும் எண்ணம் இருந்தால் அதை முதலில் செய்துவிட்டு அளங்கள். போட்ட பிறகு தேவை குறையும், சின்ன ஃபர்னஸே போதுமாகும். குளிர்காலம் வரை காத்திருக்க முடியாதவர்கள், அறை அறையாக ஜன்னல், சுவர், கூரை எல்லாம் அளந்து போடும் வெப்ப இழப்புக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். கனடாவில் அதற்கு சி.எஸ்.ஏ. எஃப்280 என்று ஒரு தரமுறையே இருக்கிறது, அமெரிக்காவில் மேனுவல் ஜே. அந்தப் பெயரைச் சொன்னவுடன் வந்தவர் முகம் எப்படி மாறுகிறது என்பதிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

பெரியதாகப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. பெரிய ஃபர்னஸ் ஐந்து நிமிடம் உக்கிரமாக எரிந்து அணையும். தெர்மோஸ்டாட் இருக்கும் ஹால் சூடாகிவிடும், மாடியில் கடைசி அறைக்குக் காற்று போய்ச் சேரும் முன்பே எல்லாம் நின்றுவிடும். அடிக்கடி பற்றி அணைவதால் பாகங்களும் சீக்கிரம் தேயும். பழைய வீட்டின் காற்றுக் குழாய் (டக்ட்) அவ்வளவு காற்றைத் தாங்காமல் இரைச்சல் போடும்.

ஏசியில் இது இன்னும் மோசம். டொராண்டோ ஜூலையில் நம்மை வாட்டுவது வெயிலைவிட ஈரம்தான். நவீன ஏசியின் கதையே ஈரத்தில்தான் தொடங்குகிறது: 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்தில் ஈரக் காற்றால் காகிதம் உப்பி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. அதைச் சரிசெய்யத்தான் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் அந்த இயந்திரத்தை வடிவமைத்தார். ஏசியின் உள்ளே காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருள் (காயில்) நன்றாகக் குளிர்ந்து, அதன்மேல் தண்ணீர் கோத்து, வடிகுழாயில் சொட்டத் தொடங்கவே சில நிமிடம் பிடிக்கும். 3 டன் ஏசி எட்டு நிமிடத்தில் அறையை 23க்குக் கொண்டுவந்து நின்றுவிட்டால், காயிலில் கோத்த தண்ணீர் வடியாமல் மறுபடி காற்றிலேயே கலக்கும். தெர்மோஸ்டாட்டில் 23 இருக்கும், உடம்பு பிசுபிசுக்கும், நாம் 21க்கு இறக்குவோம், பில் ஏறும்.

அதனால் அதே வருடம் ஜூலையில் 32 டிகிரி அடித்த ஒரு மதியம் ஏசியையும் அளந்தேன். பழைய 3 டன் ஏசி மணிக்கு 34 நிமிடம் ஓடியது. ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு.; ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த அளவு. அப்படிப் பார்த்தால் என் தேவை 1.7 டன். 2 டன் போட்டேன். உங்கள் வீடு மேற்கே பெரிய ஜன்னல் வைத்தது என்றால் கூடுதலாக வரலாம், அளக்காமல் என் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து திறன். கனடாவில் 2019 ஜூலை முதல் புதிய வீட்டு கேஸ் ஃபர்னஸ் குறைந்தது 95 சதவீதம் இருந்தாக வேண்டும், அதனால் 95ஆ 97ஆ என்பதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 80இலிருந்து 96க்கு வரும்போதே 100 டாலருக்கு எரித்த கேஸ் சுமார் 83 டாலராகிவிடும். அதற்கு மேல் இருக்கும் ஒரு சதவீதத்துக்குக் கொடுக்கும் காசை, இரண்டு நிலையில் எரியும் மாடலுக்கும் வேகம் மாறும் ஃபேனுக்கும் கொடுங்கள். குறைந்த நிலையில் நெடுநேரம் அமைதியாக எரிவதுதான் மாடி அறையைச் சமமாக வைக்கிறது. ஏசியில் மின்சிக்கனத்தைக் காட்டும் சீர்2 எண் மிக உயர்ந்திருக்கிறது என்பதற்காகப் பெரிய தொகை கொடுக்காதீர்கள்; இங்கே ஏசி ஓடுவது மூன்று, நான்கு மாதம்தான், போட்ட காசு திரும்பி வராது. வெளியே இருக்கும் யூனிட்டுக்குப் பொருத்தமான புதிய உள் காயிலும் சேர்ந்தே வருகிறதா என்று மட்டும் எழுத்தில் வாங்குங்கள்.

குளிர்பதன வாயு மாறிவிட்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆர்-410ஏ போட்ட வீட்டு ஏசியை 2025 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் புதிதாகத் தயாரிக்க முடியாது. இப்போது வருபவை பெரும்பாலும் ஆர்-454பி அல்லது ஆர்-32. இரண்டும் லேசாகத் தீப்பற்றக்கூடிய வகை, அதனால் அதற்கேற்ற கருவியும் பயிற்சியும் உள்ள ஆள் வேண்டும். மிச்சம் இருக்கும் பழைய ஸ்டாக்கை மலிவாகத் தருகிறேன் என்றால் 15 வருடம் கழித்து அந்த வாயு என்ன விலை விற்கும் என்று யோசியுங்கள். கூடவே ஏசிக்குப் பதில் ஹீட் பம்ப் என்ன விலை என்றும் கேளுங்கள். கோடையில் அது ஏசிதான். அக்டோபர், ஏப்ரல் குளிரில் அதுவே வீட்டைச் சூடாக்கும், கடுங்குளிருக்கு மட்டும் ஃபர்னஸ் எரியும். இன்று வாங்கினால் நான் அதைத்தான் எடுப்பேன்.

மூன்றாமவர் வந்த கதைக்கு வருகிறேன். அவர் ஃபர்னஸைப் பார்த்ததைவிட அதிக நேரம் பக்கத்தில் இருந்த வெந்நீர் டேங்கைப் பார்த்தார். பழைய ஃபர்னஸும் டேங்கும் ஒரே உலோகப் புகைபோக்கியைப் பகிர்ந்துகொண்டிருந்தன. புதிய ஃபர்னஸின் புகை சூடு இல்லாதது, பிளாஸ்டிக் குழாய் வழியாகச் சுவரைத் துளைத்து வெளியே போய்விடும். அப்போது அந்தப் பெரிய புகைபோக்கியில் சின்ன டேங்க் மட்டும் தனியாக மிஞ்சும். அதன் புகையால் அத்தனை பெரிய குழாயைச் சூடாக்க முடியாது, மேலே ஏறாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பலாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம், வாசனையே தெரியாது. "புகைபோக்கிக்குள் சின்னக் குழாய் (லைனர்) போட வேண்டும், இல்லையென்றால் டேங்கையும் மாற்ற வேண்டும், இரண்டில் ஒன்று செய்யாமல் நான் இந்த வேலையை எடுக்க மாட்டேன்" என்றார். மற்ற இரண்டு பேரைவிட அவர் விலை கூடுதல். அவரிடமே கொடுத்தேன். வேலை முடிந்த அன்று டேங்க் எரியும்போது அதன் தலைக்கு மேல் உள்ள இடைவெளியில் ஒரு ஊதுபத்தியைக் காட்டினேன். புகை நூல் பிடித்ததுபோல உள்ளே இழுபட்டது. உங்கள் வீட்டில் இன்றைக்கே செய்து பாருங்கள். புகை உங்கள் முகத்துக்குத் திரும்பி வந்தால் உடனே டேங்கை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். 2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் உட்ஸ்டாக்கில் அடைபட்ட கேஸ் புகைவழியால் ஒரு குடும்பத்தில் நான்கு பேரும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டத்தால்தான் படுக்கையறைகள் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயமானது.

வேலை செய்பவருக்கு, ஒன்டாரியோவில் கேஸ் வேலைகளைக் கண்காணிக்கும் டி.எஸ்.எஸ்.ஏ. அமைப்பின் உரிமம் இருக்க வேண்டும், அட்டையைக் காட்டச் சொல்லத் தயங்காதீர்கள். ஏசிக் குழாயை இணைத்த பிறகு வேக்கம் பம்ப் போட்டு உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் அழுத்தம் 500 மைக்ரானுக்குக் கீழே போகும்வரை இழுக்கிறாரா, அதை மைக்ரான் கேஜில் காட்டுகிறாரா என்று நின்று பாருங்கள். ஒரு அங்குல ஃபில்டருக்குப் பதில் நான்கு அங்குல ஃபில்டர் பெட்டி வைக்கச் சொல்லுங்கள், ஃபேனுக்கு மூச்சு முட்டாது. ஃபர்னஸின் வெளிக் குழாய் பனி குவியும் உயரத்துக்கு மேலே இருக்கட்டும்.

வாடகைக்கு மட்டும் எடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, கணவர் இறந்த வருடம், கதவைத் தட்டிய ஒருவரிடம் 10 வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மாதம் 110 டாலர். கூட்டிப் பார்த்தால் 13,200, அதுவும் வருடா வருடம் ஏறாமல் இருந்தால். வீட்டை விற்கப் போனபோதுதான் பத்திரத்தில் அந்த நிறுவனத்தின் உரிமை பதிவாகியிருப்பதே அவருக்குத் தெரிந்தது, பெருந்தொகை கட்டித்தான் வெளியே வந்தார். ஒன்டாரியோவில் 2018 மார்ச் 1 முதல் ஃபர்னஸ், ஏசி, வெந்நீர் டேங்க் போன்றவற்றை அழைக்காமல் கதவைத் தட்டி விற்பது தடை. இப்படிப் பத்திரத்தில் பதிவதையும் 2024 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். உங்கள் பெற்றோர் தனியாக இருந்தால் இன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

பிராண்ட் கேட்டீர்கள். கேரியர், லெனாக்ஸ், ட்ரேன், குட்மேன், ரீம், கீப்ரைட் எல்லாமே ஓடும். உங்கள் ஊரில் பாகம் சீக்கிரம் கிடைப்பது எது என்று வேலை செய்பவரிடம் கேட்டு அதை எடுங்கள். பாகங்களுக்கான 10 வருட வாரண்டி பல நிறுவனங்களில் போட்டவுடன் பதிவு செய்தால்தான் செல்லும், கூலி அதில் சேராது. நான் வாங்கியது எந்த பிராண்ட் என்று வேண்டுமென்றே எழுதவில்லை.

போன குளிர்காலத்தில் மறுபடி -17 வந்த ராத்திரி அண்ணரைக் கூட்டிவந்து காட்டினேன். புதிய 60,000 ஃபர்னஸ் குறைந்த நிலையிலேயே, அணையாமல், சத்தமே இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. மாடியில் கடைசி அறையில் மகள் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்கினாள். அண்ணர் கண்ணாடி வழியாகச் சுடரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றார்.

பழைய ஃபர்னஸின் தகட்டில் உள்ள எண், மணிக்கு எரிந்த நிமிடம், வெளியே இருந்த குளிர், இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். கணக்குப் போட்டுத் தருகிறேன்.