எல்லாருக்கும் பேர் தெரிந்த கல்லூரி

இந்த வாரம் வந்த கடிதங்களில் நான்கு, அமெரிக்காவில் லூத்தரன் கல்லூரிகளில் (மார்ட்டின் லூத்தர் வழிவந்த புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவ சபையின் கல்லூரிகள்) போய்ப் படிப்பது என்ற ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்ததால், மற்றவற்றை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு இவற்றுக்கே இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி (ஒரு அப்பா, செவ்வாய்ப்பேட்டை): எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. மகளுக்கு அமெரிக்காவில் ஒரு லூத்தரன் பல்கலைக்கழகத்தில் டிகிரி படிக்க இடமும் உதவித்தொகையும் கிடைத்திருக்கிறது. மொத்தமே இரண்டாயிரம் பேர்தான் படிக்கிறார்களாம். "பேரே கேள்விப்படாத காலேஜ், அதுவும் சர்ச் காலேஜ், மதம் மாத்திடுவாங்க" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். அனுப்பலாமா மேடம்?

பதில்: அனுப்புங்கள் ஐயா. ஆனால் சில விஷயங்களை விசாரித்துவிட்டு அனுப்புங்கள்.

முதலில் மதம். அங்கே எல்லா லூத்தரன் கல்லூரியும் ஒரே மாதிரி கிடையாது. 1988-ல் மூன்று சபைகள் சேர்ந்து உருவான இ.எல்.சி.ஏ. (அமெரிக்க எவாஞ்சலிக்கல் லூத்தரன் சபை) சபையோடு தொடர்புள்ளவை ஒரு வகை. மினசோட்டாவின் செயின்ட் ஓலாஃப், அயோவாவின் வார்ட்பர்க் எல்லாம் இதில் வரும். மிசௌரி சினாட் என்ற இன்னொரு லூத்தரன் சபையைச் சேர்ந்த கன்கார்டியா பல்கலைக்கழகங்கள் இன்னொரு வகை, அங்கே கொள்கைப் பிடிப்பு கூடுதல். இந்தியானாவின் வால்பரைசோ எந்தச் சபைக்கும் கீழே வராமல் தனியாக நிற்பது. மகளுக்குக் கிடைத்தது எந்த வகை என்று பாருங்கள். பெரும்பாலும் மதம் சம்பந்தமாக ஒன்றிரண்டு பாடம் எடுக்க வேண்டியிருக்கும், அதைப் படித்துப் பரீட்சை எழுதுவதுதான். நானும் அப்படியொரு லூத்தரன் கல்லூரியில் படித்தவள்தான். அங்கே முற்பகலில் வகுப்பு வைக்காமல் அரை மணி நேரம் சேப்பல் வழிபாட்டுக்கு ஒதுக்கியிருந்தார்கள். விருப்பமுள்ளவர்கள் போனார்கள், மற்றவர்கள் காபி குடித்தார்கள், யாரும் யாரையும் கேட்டதில்லை. நான் பாட்டுக் கேட்கப் போவேன். அந்தக் கல்லூரிகளில் சேர்ந்திசை அவ்வளவு முக்கியம், செயின்ட் ஓலாஃபில் 1912-லிருந்து கிறிஸ்துமஸ் இசைவிழா நடத்துகிறார்கள் என்றால் பாருங்கள்.

அடுத்து 'சின்ன காலேஜ்' என்ற குறை. எனக்கு முதல் வருடம் நல்ல காய்ச்சல், மூன்று நாள் விடுதி அறையை விட்டு வெளியே வரவில்லை. நான்காவது நாள் யாரோ கதவைத் தட்டினார்கள். எழுந்துபோய்த் திறந்தால் வரலாற்றுப் பேராசிரியை நிற்கிறார், ஒரு கையில் மூடி போட்ட சூப் டப்பா, இன்னொரு கையில் நான் வராத வகுப்புகளின் குறிப்பு, கோட்டின் தோளில் விழுந்த பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. பதினான்கு பேர் உட்காரும் வகுப்பில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் தெரியாமல் போகுமா? புத்தகத்தைத் திறக்காமல் வகுப்புக்குப் போனாலும் அதே மாதிரி தெரிந்துவிடும். தோழியோடு சண்டை போட்டால் அவளையே ஒரே சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று வேளையும் பார்த்தாக வேண்டும். ஏற்காட்டு விடுதிகளில் படித்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒளிந்துகொள்ள இடமில்லாத அந்த வாழ்க்கை சில பிள்ளைகளுக்கு மூச்சு முட்டும், அதனால் மகளோடு உட்கார்ந்து இதைப் பேசுங்கள். எனக்கு அந்தச் சூப் டப்பாதான் நான்கு வருடத்தையும் ஓட்டவைத்தது.

பண விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். உதவித்தொகை நான்கு வருடமும் வருமா, எத்தனை ஜி.பி.ஏ.வுக்கு (சராசரி மதிப்பெண் புள்ளி) கீழே போனால் நிற்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டணம் வருடா வருடம் ஏறும், உதவித்தொகை பெரும்பாலும் அதே தொகையில் நிற்கும். மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், அதை வைத்துக் கட்டணம் கட்டிவிடலாம் என்று கணக்குப் போடவே வேண்டாம். அப்புறம், கல்லூரியின் நிதி நிலைமையையும் கேளுங்கள். சின்ன கல்லூரிகள் மூடப்படுவதும் நடக்கிறது. போர்ட்லண்டிலிருந்த கன்கார்டியா 2020-ல் மூடியது. 1896-ல் ஃபின்லாந்திலிருந்து குடியேறியவர்கள் மிச்சிகனில் தொடங்கிய ஃபின்லாண்டியா 2023-ல் மூடியது. அங்கே படித்துக்கொண்டிருந்தவர்கள் வேறு இடம் தேடி அலைய வேண்டியதாயிற்று. 'ஒருவேளை மூடினால் எங்கள் மகள் படிப்பு என்னவாகும்' என்று அட்மிஷன் அலுவலகத்தில் நேராகவே கேட்கலாம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி (மாணவி, ஏற்காடு): பன்னிரண்டு வரை தமிழ் மீடியம். அங்கே வகுப்பில் பேசுவதற்கும் மார்க் உண்டாமே? எனக்கு இங்கேயே எழுந்து பேசினால் கால் நடுங்கும்.

பதில்: எனக்கும் நடுங்கியது கண்ணு. முதல் செமஸ்டரில் வாய் திறக்காமலே ஆறு வாரம் ஓட்டினேன், நடுவில் வந்த மதிப்பெண்ணில் அது அப்படியே தெரிந்தது. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு பேராசிரியரும் வாரத்தில் சில மணி நேரம் மாணவர்களுக்கென்றே கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பார்கள், முதல் நாள் தருகிற பாடத்திட்டத் தாளிலேயே அந்த நேரம் அச்சாகியிருக்கும். நம் ஊரில் வாத்தியார் ரூமுக்குப் போவதென்றால் ஏதோ தப்பு செய்திருக்கிறோம் என்று அர்த்தம், அங்கே போகாமல் இருப்பதுதான் அவர்களுக்குப் புரியாத விஷயம். முதல் வாரமே போ. "எனக்கு ஆங்கிலத்தில் பேசப் பயமாக இருக்கிறது" என்று அந்த ஒரு வரியை மட்டும் சொல். என் பேராசிரியை, அடுத்த வகுப்பில் கேட்கப்போகும் கேள்வியை முன்கூட்டியே கொடுத்தார், நான் ராத்திரி உட்கார்ந்து பதிலை எழுதிப் படித்துப் பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னேன். நான்கு தடவைக்குப் பிறகு எழுதிவைத்துக்கொள்ளத் தேவைப்படவில்லை.

இன்னொன்று ரொம்ப முக்கியம். புத்தகத்திலிருந்தோ இணையத்திலிருந்தோ எடுத்த வரியை எங்கிருந்து எடுத்தாய் என்று குறிப்பிடாமல் கட்டுரையில் எழுதாதே. நாம் நோட்ஸை மனப்பாடம் செய்து அப்படியே எழுதி மார்க் வாங்கிப் பழகியவர்கள், அங்கே அதற்குப் பெயர் திருட்டு. பாடத்தில் ஃபெயில் போடுவார்கள், கல்லூரியை விட்டே அனுப்பவும் செய்யலாம்.

கேள்வி (வாசகர், அஸ்தம்பட்டி): லூத்தரனுக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம்? நமக்கும் அவர்களுக்கும்?

பதில்: லூத்தரே ஒரு கல்லூரி வாத்தியார்தானே! 1502-ல் தொடங்கிய ஜெர்மனியின் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் பைபிள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர்தான் 1517-ல், அன்றைய சபையின் வழக்கங்களைக் கேள்வி கேட்டு அந்த 95 வாதங்களை எழுதினார். ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் வையுங்கள் என்று 1524-ல் ஜெர்மன் நகரசபைகளுக்கு எழுதினார். நமக்கு உள்ள சம்பந்தம் தரங்கம்பாடி. ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் படித்த லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கித் தமிழ் கற்றார், அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் அங்கேயே அச்சாகி முடிந்தது, அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் ஹாலேயில் அச்சானது. அதே ஹாலேயிலிருந்து 1742-ல் பென்சில்வேனியாவுக்குப் போனவர் மூலன்பர்க், அமெரிக்க லூத்தரன் சபைகளுக்கு மூத்தவர் என்று கொண்டாடப்படுகிறவர், அவர் பெயரில் அங்கே ஒரு கல்லூரியே இருக்கிறது. ஒரே ஊரிலிருந்து கிளம்பி ஒருவர் நம் கடற்கரைக்கும் இன்னொருவர் அமெரிக்காவுக்கும் போயிருக்கிறார்கள் என்பதை நினைக்க எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கும்.

கேள்வி (ஒரு அம்மா, ஓமலூர்): பையன் சுத்த சைவம். குளிர் வேறு. என்ன கொடுத்தனுப்புவது?

பதில்: சைவச் சாப்பாடு தினமும் இருக்கும், ஆனால் சாலட், பாஸ்தா, சீஸ் என்று சுற்றிச் சுற்றி வரும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் கொடுங்கள். மாம்பழமும் பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம், விமான நிலையத்திலேயே வாங்கிவைத்துவிடுவார்கள். ஏற்காட்டுக் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டர் மினசோட்டா பக்கம் எதற்கும் ஆகாது, ஜனவரியில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும், கனமான கோட்டை அங்கே போய் வாங்கிக்கொள்வதுதான் சரி.

நவம்பர் நான்காவது வியாழக்கிழமை அவர்களுக்கு நன்றி தெரிவிக்கும் பண்டிகை. அந்த நாலைந்து நாள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், பல கல்லூரிகளில் சாப்பாட்டுக் கூடத்தையே பூட்டிவிடுவார்கள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் வருடம் புதன்கிழமை சாயங்காலம் தட்டோடு போய்ப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றேன், பக்கத்தில் கடையும் இல்லை, பஸ்ஸும் இல்லை, மூன்று நாள் பிஸ்கட்டும் தண்ணீரும்தான். அடுத்த வருடம் கல்லூரியின் பாதிரியாரும் அவர் மனைவியும் தங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். நான் லெமன் சாதம் செய்துகொண்டு போனேன், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டார்கள். பையனை அக்டோபரிலேயே விடுதி அலுவலகத்தில் போய் விசாரிக்கச் சொல்லுங்கள், யார் வீட்டிலாவது கூப்பிட்டால் கூச்சப்படாமல் போகச் சொல்லுங்கள்.