தனியாகப் போனால்தான் என்ன?

கேள்வி: மான்செஸ்டரில் கணக்காளராக இருக்கிறேன். வயது 44. சிறு வயதிலிருந்தே விஞ்ஞானக் கதைப் பித்து. ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும் ‘ஈஸ்டர்கான்’ ரசிகர் மாநாட்டுக்குப் போக ஆசை. “இந்த வயசில் வேஷம் கட்டப் போறீங்களா?” என்று சிரிக்கிறார் மனைவி (வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறார்). துணைக்கு யாரும் இல்லை. போகலாமா? – பெயர் வேண்டாம்.

பதில்: தாராளமாகப் போங்கள். வேஷம் கட்டாயமில்லை; பெரும்பாலோர் சாதாரண உடையில்தான் வருவார்கள். ஆனால் அந்த வழக்கம் உங்களையும் என்னையும்விட மூத்தது. 1939-இல் நியூயார்க்கில் விஞ்ஞானக் கதை ரசிகர்களின் முதல் உலக மாநாடு நடந்தபோது வந்தவர்கள் சுமார் 200 பேர். அதில் ஃபாரஸ்ட் அக்கர்மன், மர்டில் டக்ளஸ் என்ற இரண்டு ரசிகர்கள் எதிர்காலத்து மனிதர்கள்போல் உடுத்தி வந்தார்கள். தைத்தவர் மர்டில். பேர் வாங்கியது என்னவோ அக்கர்மன்!

கூச்சத்துக்கு வருவோம். 2024-இல் கிளாஸ்கோவில் நடந்த உலக மாநாட்டுக்கு நானும் தனியாகத்தான் போனேன். யாரையும் தெரியாத கல்யாண வீட்டில் நிற்பதுபோல, தேநீர்க் கோப்பையோடு அரை நாள் நிகழ்ச்சி நிரலையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு வரிசையில் பின்னால் நின்ற பாட்டி, என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்து, “முடிவு பிடித்ததா?” என்றார். எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்கோ உயிர். நாங்கள் நின்றிருந்த அரங்கு நிரம்பிக் கதவு மூடியதைக்கூடக் கவனிக்கவில்லை. மாநாட்டின் ருசி மேடையைவிட நடைவழியில்தான் அதிகம். எந்த ஊர், என்ன சம்பளம் என்று விசாரிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

இன்னொன்று. அங்கே நீங்கள் டிக்கெட் வாங்கிய பார்வையாளர் அல்ல, உறுப்பினர். நடத்துபவர்களும் சம்பளம் வாங்காத ரசிகர்களே. பிந்தைய ஆண்டின் ஈஸ்டர்கானை எந்தக் குழு நடத்துவது என்பதையும் வந்தவர்கள்தான் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். அதனால் இரண்டு மணி நேரம் தொண்டராகப் பெயர் கொடுத்துவிடுங்கள். வாசலில் அட்டை சரிபார்க்கிறவருக்குக் கையை எங்கே வைப்பது என்ற குழப்பம் வராது. எழுத்தாளரோடு பத்துப் பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சிகள் இருந்தால், பெயர்ப் பட்டியல் திறந்ததுமே எழுதிவிடுங்கள், சீக்கிரம் நிரம்பிவிடும்.

தினமும் குறைந்தது 5 மணி நேரத் தூக்கம், 2 வேளைச் சாப்பாடு, 1 குளியல் என்பது ரசிகர்களின் பழைய கணக்கு. வேடிக்கையாகச் சொல்வதுதான், ஆனால் மூன்றாம் நாள் புரியும். கூட்டத்தில் சளி பிடிக்கும், முகக்கவசம் வைத்துக்கொள்ளுங்கள். பழைய புத்தகக் கடைப் பக்கம் போகுமுன் பட்ஜெட் போடுங்கள். கணக்காளருக்கு நான் சொல்ல வேண்டுமா!

சரி, மனைவி? ஒரு நாளுக்கு மட்டுமான அனுமதிச் சீட்டு கிடைத்தால், வேஷப் போட்டி நடக்கும் நாளாகப் பார்த்து அழைத்துப் போங்கள். பெரிய மாநாடுகளில் மேடை ஏறும் முன்பே உடையின் தையலை நடுவர்கள் கிட்டே வைத்துப் பார்த்துத் தனியாக மதிப்பெண் போடுவார்கள். இதை மட்டும் அவரிடம் சொல்லிப் பாருங்கள்.