மாசி மத்தியானம் இருட்டினால் வத்தலை மூட வேண்டுமா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் சேதுக்கரைப் பக்கம் கடலோரக் கிராமம் எங்களுடையது. ஒன்றரை ஏக்கரில் முண்டு மிளகாய் போட்டிருக்கிறோம். மாசி பிறந்ததிலிருந்து பழம் பறித்துக் களத்தில் காயப்போடுகிறோம். இந்த வருடம் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை மத்தியானம் இரண்டு மணிக்கே வீட்டுக்குள் விளக்குப் போடுகிற அளவுக்கு இருட்டிவிடுகிறது. ஓடிப்போய் எல்லாவற்றையும் அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினால் ஒரு சொட்டு விழுவதில்லை. சலித்துப்போய் மூடாமல் விட்ட அன்றைக்குப் பெய்து, அரை மூட்டை வத்தல் வெளுத்துவிட்டது. வீட்டுக்காரர் வல்லத்தில் கடலுக்குப் போகிறவர். அந்த நேரம் இருட்டினால் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. மாமியாரோ, இது சுனாமிக்கு அறிகுறி என்கிறார். இந்த இருட்டை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: முதலில் வத்தல் விஷயம். எவ்வளவு இருட்டியிருக்கிறது என்பதை வைத்து மழையைக் கணிக்காதீர்கள். இருட்டு எந்தப் பக்கம் இருக்கிறது, காற்று என்ன செய்கிறது, இந்த இரண்டையும் பாருங்கள். வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நானே, மாமனார் வீட்டுக் களத்தில் ஒருமுறை கறுப்பு மேகத்தைப் பார்த்து எல்லோரையும் ஓடவைத்து அசடு வழிந்திருக்கிறேன். கண்ணை நம்பினால் அப்படித்தான்.

கண் ஏன் ஏமாற்றுகிறது என்றால், மாசி நடுவில் உங்கள் ஊரில் உச்சிப்பொழுதுச் சூரியன் அடிவானத்திலிருந்து 70 டிகிரிக்கு மேல் நிற்கும். திறந்த வெயிலின் வெளிச்சம் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). சாதாரண மேகமூட்டம் போட்டாலே அது பத்தில் ஒரு பங்காகிவிடும். தடித்த மேகம் என்றால் 2,000 லக்ஸுக்கும் கீழே போகலாம். வெள்ளை மணலையும் உப்பளத்தையும் பார்த்துக் கூசிப்போயிருந்த கண்ணுக்கு இந்த இறக்கம் அந்தி சாய்ந்ததுபோல் இருக்கும். மழை பெய்ய மேகத்துக்கு நல்ல உயரம் வேண்டும். இருட்ட அவ்வளவு வேண்டாம். ஒரு கிலோமீட்டர் தடிமனே போதும்.

காலண்டர்கள் மார்ச்சை வசந்தம் என்கின்றன. நம் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம், இளவேனில் சித்திரையில்தான். உங்கள் இருட்டுக்கு விளக்கம் அந்தப் பழைய கணக்கில்தான் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு நம் தலைக்கு மேலே உயரத்திலிருந்து காற்று மெதுவாகக் கீழிறங்குகிறது. இறங்கும் காற்று சூடாகி உலர்ந்துபோகும். அதனால் தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வெதுவெதுப்பான ஓர் அடுக்கு, கொதிக்கிற பானைக்கு மூடி போட்டதுபோல் உட்கார்ந்துவிடுகிறது. கீழே கொண்டல் காற்று வங்கக்கடலிலிருந்து ஈரத்தைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும். வெயிலில் தரை சூடாகி அந்த ஈரம் மேலே கிளம்பும், மூடியில் முட்டும், மேலே போக வழியில்லாமல் பக்கவாட்டில் பரவும். சாம்பல் நிறத்தில் தட்டையாக வானம் முழுக்கக் கவிழ்ந்து, மிஞ்சிப்போனால் நாலு தூறல் போட்டுவிட்டு, ஐந்து மணிக்குக் கலைந்துபோகும் மப்பு இதுதான். நீங்கள் வீணாக ஓடிய நாட்களில் பெரும்பாலானவை இந்த வகையாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டாவது வகை நம் கரைக்கே உரியது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் வாலைப்போல் நீண்டு கிடக்கிற நிலம். முற்பகலிலேயே கடல்காற்று கரையேறத் தொடங்கி, போகப்போக உள்ளே நகரும். உள்நாட்டுச் சூட்டுக்காற்றோடு அது மோதுகிற இடத்தில் ஒரு கறுப்புக் கோடு கட்டும். இரண்டு கடல்களிலிருந்தும் வருகிற காற்று எதிரெதிராகச் சந்திக்கும் இடத்திலும் அப்படியே. உங்கள் களத்தில் நின்று பார்த்தால் கடல் பக்கம் நீலமாகவும், நயினார்கோவில், பரமக்குடிப் பக்கம் மைபூசியதுபோலவும் தெரிவது அதனால்தான். கடல்காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருக்கும்வரை அந்தக் கறுப்பை அது உள்ளேதான் தள்ளிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு வராது.

ஆனால் மாசிக்கும் பங்குனிக்கும் வித்தியாசம் உண்டு. பங்குனியில் தரைச்சூடு கூடி அந்த மூடியை உடைத்துக்கொண்டு மேகம் மேலே எழும்பும். பிறகு இடி, மின்னல், சூறைக்காற்று. உள்ளே பெய்த மழை குளிர்ந்த காற்றைக் கிளப்பிவிட்டு, அது சாயங்காலம் கரைப்பக்கம் திரும்பும். ஆகவே ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: வீசிக்கொண்டிருந்த கடல்காற்று திடீரென்று செத்து, புழுக்கம் கண்டு, பிறகு இருட்டுப் பக்கத்திலிருந்து சில்லென்று ஒரு வீச்சு வந்தால், கையில் உள்ள நேரம் பத்து நிமிடம் அல்லது கால் மணி. அப்போது ஓடுங்கள்.

மூன்றாவது வகை கிழக்கிலிருந்து, இலங்கைப் பக்கமிருந்து வரும். இது அபூர்வம்தான், ஆனால் வத்தலுக்கு இதுவே பெரிய அழிம்பு. 2022 மார்ச் முதல் வாரத்தில் தென்மேற்கு வங்கக்கடலில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமே உருவானது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு தாழ்வு மண்டலம் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாப் பக்கம் வந்தது. டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல் நனைந்தது அப்போதுதான். இந்த இருட்டு இரண்டு மணிக்குத் திடீரென்று வராது. முதல் நாளே மெல்லிய வெண்மேகம் உயரத்தில் படரும், நிலாவைச் சுற்றி வட்டம் போடும். ‘அகல்வட்டம் பகல்மழை’ என்பது சும்மா வந்த பேச்சில்லை. அந்த வட்டம் உயரத்து மேகத்தின் பனித்துகள்களில் நிலவொளி உடைவதால் வருவது, அந்த மேகம் பல நேரம் மழை மேகத்துக்கு முன்னால் வருகிற கூட்டம். மறுநாள் காலையிலிருந்தே வெளிச்சம் மங்கிக்கொண்டே போகும். அடிவானத்தைச் சுற்றிப் பாருங்கள். நாலு பக்கமும் ஓரத்தில் வெளுப்பு தெரிந்தால் மேகம் சின்னது, விலகிவிடும். எந்தப் பக்கமும் வெளுப்பே இல்லையென்றால் அன்றைக்குக் களத்தில் பரப்பவே வேண்டாம்.

இனி மூடுகிற விதம். முதல் வகை மப்புக்குத் தார்ப்பாய் போட்டு மூடுவது நல்லதைவிடக் கெடுதலே அதிகம் செய்யும். வெயிலில் சூடேறிய பழத்தைக் குவித்துக் காற்றுப் போகாமல் மூடினால் உள்ளே வியர்க்கும். அந்த ஈரத்தில் பூசணம் பிடிக்கும், நிறம் போகும். நம் முண்டு வத்தலுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனாலும் வியாபாரி கையில் எடுத்துப் பார்ப்பது நிறத்தைத்தானே. மப்பு நாளில் அப்படியே பரப்பிவைத்துக் கிளறிவிட்டுக்கொண்டிருங்கள். முக்கால்வாசி காய்ந்ததை மட்டும் தனியாக, வீட்டுக்குப் பக்கமாகப் பரப்புங்கள். நனைந்தால் அதிகம் கெடுவது அதுதான், அவசரத்தில் முதலில் அள்ள வேண்டியதும் அதுதான். மப்பு நாளில் மூட்டை மட்டும் கட்டாதீர்கள். குலுக்கினால் விதை சலசலவென்று கேட்க வேண்டும், ஈரம் பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால், உங்கள் வத்தலைத் தினமும் நனைப்பது மத்தியான இருட்டு இல்லை, இராத்திரிப் பனி. மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், களத்தை விடுமா? இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேகம் இராத்திரியும் நின்றால் தரையின் சூடு மேலே தப்பாது, பனி குறைவாக இறங்கும். மத்தியானம் இருட்டியிருந்து சாயங்காலம் பளிச்சென்று தெளிந்து காற்றும் ஓய்ந்தால், அன்று இராத்திரிதான் பனி கொட்டும். ஆக, வானம் தெளிந்ததே என்று நிம்மதியாகத் தூங்குகிற அன்றைக்குத்தான் மூட வேண்டும். ஐந்து மணிவாக்கில், பழத்தின் சூடு தணிந்த பிறகு, குவித்துச் சாக்கு போட்டு, அதன்மேல் தார்ப்பாய். ஓரங்களில் காற்றுப் போக இடம் விடுங்கள். காலையில் வெயில் ஏறி, தரை ஈரம் காய்ந்ததும் பிரியுங்கள்.

கடலுக்குப் போகிறவருக்குக் கணக்கு வேறு. களத்தில் பத்து நிமிடம் போதும், கடலில் போதாது. சேதுக்கரையிலிருந்து மன்னார் வளைகுடாவுக்குள் போனாலும், அந்தப் பக்கம் பாக் நீரிணையில் தொழில் செய்தாலும், தரைப்பக்கம் கறுப்புக் கோடு கட்டுவது தெரிந்ததும் திரும்புவதே சரி. பாக் நீரிணை ஆழம் குறைவு, காற்று எழுந்த கொஞ்ச நேரத்திலேயே அலை நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும், வல்லம் தாங்காது. மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணச் சொல்லுங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, வலையை விட்டுவிட்டுக் கரையைப் பார்க்க வேண்டும். புறப்படும் முன் வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் பார்க்கட்டும், பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று கேட்கட்டும். மின்னலுக்கு ‘தாமினி’ செயலி இருக்கிறது, உங்கள் கைபேசியிலும் போட்டுக்கொள்ளுங்கள். களத்தில் நிற்பவருக்கும் மின்னல் மின்னல்தான்.

மாமியாரின் பயத்தைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வராது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போன கதையைக் கேட்டு வளர்ந்த கரை இது. ஆனால் அது புயல். புயலுக்கு முன்னால் வானம் பேசும். சுனாமி கடலடியில் நிலம் பெயர்வதால் வருவது, மேகத்துக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. கடல் உள்வாங்குகிறதே என்று அடுத்துக் கேட்பார்: ராமேசுவரம், பாம்பன் பக்கம் ஆழமில்லாத கரையில் வற்றமும் (கடல் நீர்மட்டம் இறங்கும் நேரம்) காற்றும் சேர்ந்தால் தண்ணீர் பின்வாங்கிப் படகுகள் தரைதட்டி நிற்பது அவ்வப்போது நடப்பதுதான், சில மணி நேரத்தில் திரும்பிவிடும். ஆனால் நிலம் பலமாக நடுங்கினாலோ, நடுக்கமே தெரியாமல் கடல் மளமளவென்று பின்வாங்கினாலோ வத்தலாவது வலையாவது, அவரைக் கையைப் பிடித்து மேட்டுக்கு அழைத்துப் போங்கள்.